எதை எண்ணுவது? அரசு ஊர்திகளின் உமிழ்வுக் குறைப்பில் அளவுகோலின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

அரசுத் துறைகளின் ஊர்திகள் வெளியிடும் புகையைக் குறைக்கும் முயற்சி எதுவாயினும், அது ஏதேனும் ஒன்றை எண்ணுவதில் தொடங்குகிறது. வாங்கிய ஊர்தி, எரித்த எரிபொருள், ஓடிய தொலைவு, ஊர்தியின் வயது என எண்ணப்படும் பொருள் மாறும்போது துறைகளின் நடத்தையும் மாறுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1992 முதல் கையாண்ட அளவுகோல்களை ஆராயும் இக்கட்டுரை, அவ்வனுபவத்தின் துணைகொண்டு இந்தியாவின் பதினைந்தாண்டு விதியையும் அரசு மின்னூர்தித் திட்டத்தையும் நோக்குகிறது. அலுவலகங்களில் ஏற்கெனவே பேணப்படும் பயணப் பதிவேடு உமிழ்வைக் கணக்கிடப் போதுமான மூலத்தரவைக் கொண்டுள்ளது என்பது கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: அரசு ஊர்திகள், கரியமில வாயு, மாற்று எரிபொருள், மின்னூர்தி, ஊர்தி மேலாண்மை, பயணப் பதிவேடு

முன்னுரை

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 52அ என்னும் விதி 2023 ஜனவரியில் சேர்க்கப்பட்டு, அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு, மாநில அரசுகள், நகராட்சிகள், ஊராட்சிகள், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு உரிமையான ஊர்திகள், முதற்பதிவு நாளிலிருந்து பதினைந்தாண்டு கடந்தால் அவற்றின் பதிவு புதுப்பிக்கப்படாது. பதிவுபெற்ற உடைப்பு நிலையங்களில் அவை கழிக்கப்பட வேண்டும். நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் பயன்படும் கவச ஊர்திகள் போன்ற சிறப்பு ஊர்திகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இவ்விதி ஊர்தியின் வயதை அளவுகோலாகக் கொள்கிறது. வயது எளிதில் அறியப்படுவது; பதிவுச் சான்றிதழைப் பார்த்தாலே போதும். ஆயினும் பதினாறாண்டு பழமையான ஒரு ஜீப் ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது, அதே அலுவலகத்தின் நான்காண்டு பழமையான கார் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது எனக் கொண்டால், வளிமண்டலத்தில் கூடுதலாகக் கரியமில வாயுவைச் சேர்ப்பது எது என்னும் வினாவுக்கு வயது விடை தராது.

எளிதில் எண்ணத்தக்கதை எண்ணுவதற்கும் எண்ண வேண்டியதை எண்ணுவதற்கும் இடையிலான இவ்விடைவெளி இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு ஏறத்தாழ ஆறரை இலட்சம் ஊர்திகளை இயக்குகிறது. அவற்றுள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவை அஞ்சல் சேவைக்குரியவை. சட்டங்களாலும் குடியரசுத் தலைவர்களின் நிர்வாக ஆணைகளாலும் அவற்றின் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் முயற்சி அங்கு முப்பதாண்டுகளுக்கு மேலாக நடந்துவந்துள்ளது. துறைகளின் எரிபொருள் கணக்கு ஆண்டுதோறும் தொகுக்கப்படுவதால் ஒவ்வோர் அளவுகோலும் என்ன செய்தது என்பதைப் பின்தொடர இயலுகிறது. ஆதலின் அவ்வனுபவம் முதலில் ஆராயப்படுகிறது.

புகை இருவகை

மேற்செல்லுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குதல் தேவை. ஊர்தியின் புகைக்குழாயிலிருந்து வெளியேறுபவற்றை இரண்டாகப் பகுக்கலாம். நுண்துகள், நைட்ரஜன் ஆக்சைடுகள், கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன்கள் ஆகியவை அருகிலிருப்போரின் நுரையீரலைத் தாக்குவன. இவற்றை வினையூக்கி மாற்றியும் துகள் வடிகட்டியும் கொண்டு பெருமளவு தடுக்கலாம். கரியமில வாயுவின் இயல்பு வேறு. அது எரிபொருளிலுள்ள கரி எரிவதன் நேர்விளைவு. அதைத் தடுக்கும் வடிகட்டி எதுவும் ஊர்தியில் இல்லை. ஒரு லிட்டர் டீசல் முழுதும் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோகிராமும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராமும் கரியமில வாயு உண்டாகும். ஊர்தி புதியதா பழையதா என்பது இக்கணக்கை மாற்றாது. எத்தனை லிட்டர் எரிந்தது என்பதே கேள்வி.

பொதுப்பேச்சில் இவ்விரண்டும் ‘மாசு’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. திட்ட அறிக்கைகளும் பல வேளைகளில் அவ்வாறே எழுதப்படுகின்றன. முதல் வகைக்கு ஏற்ற மருந்தை இரண்டாம் வகைக்கும் மருந்தெனக் கொள்வதிலிருந்தே பாதிக் குழப்பம் பிறக்கிறது.

வாங்கியதை எண்ணிய சட்டம்

அமெரிக்காவின் 1992ஆம் ஆண்டு எரிசக்திக் கொள்கைச் சட்டம் வளைகுடாப் போரை அடுத்து இயற்றப்பட்டது. அயல்நாட்டு எண்ணெயைச் சார்ந்திருப்பதைக் குறைப்பதே அதன் முதன்மை நோக்கம். பெருநகரப் பகுதிகளில் இயங்கும் கூட்டாட்சித் துறைகள், 1999ஆம் நிதியாண்டு முதல் தாம் ஆண்டுதோறும் வாங்கும் இலகு ஊர்திகளில் 75 விழுக்காடு மாற்று எரிபொருளில் இயங்கத்தக்கனவாக இருக்க வேண்டும் என அது பணித்தது. இயற்கை எரிவாயு, புரொப்பேன், மின்சாரம், ஹைட்ரஜன், எத்தனால் மிகுந்த கலவை ஆகியவை மாற்று எரிபொருள்களாக ஏற்கப்பட்டன. காவல், அவசரப் பணி, படைத்துறை ஊர்திகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

இங்கு ‘இயங்கத்தக்க’ என்னும் சொல்லே கவனிக்கத்தக்கது. எத்தனால் கலவையிலும் பெட்ரோலிலும் ஓடவல்ல இருதிற ஊர்திகளும் இக்கணக்கில் சேர்ந்தன. 1988இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டம், இத்தகைய ஊர்திகளை உருவாக்கும் நிறுவனங்களுக்கு எரிபொருள் சிக்கன விதிகளில் சலுகை அளித்திருந்தது. ஆகவே கார் நிறுவனங்கள் அவற்றை ஏராளமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தன. எரிவாயு ஊர்தியைப் போலத் தனிக் கலனோ தனி நிரப்பு நிலையமோ வாங்குபவருக்குத் தேவைப்படவில்லை. மின்னூர்தியைப் போல விலையும் மிகவில்லை. துறைகள் இவற்றையே வாங்கின. ஆண்டறிக்கைகளில் 75 விழுக்காட்டு இலக்கு எட்டப்பட்டதாகப் பதிவாயிற்று.

கலனில் ஊற்றப்பட்டதோ பெரும்பாலும் பெட்ரோல். எத்தனால் கலவை விற்கும் நிலையங்கள் மக்காச்சோளம் விளையும் நடுமேற்கு மாநிலங்களில் செறிந்திருந்தன. அரசு அலுவலகங்கள் மிகுந்த கிழக்கு, மேற்குக் கரை நகரங்களில் அவை அரிது. மேலும் ஒரு காலன் எத்தனால் கலவையில் பெட்ரோலைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆதலின் விலை சற்றுக் குறைவாயிருப்பினும் மைலுக்கான செலவு கூடியது. கொள்முதல் அலுவலர் தம் கடமையை நிறைவேற்றினார். ஓட்டுநர் அருகிலிருந்த நிலையத்தில் எரிபொருள் நிரப்பினார். இருவரும் விதியை மீறவில்லை. இறக்குமதி எண்ணெயின் அளவும் கருதியவாறு குறையவில்லை.

2005இல் திருத்திய எரிசக்திச் சட்டம் இவ்வோட்டையை அடைக்க முயன்றது. இருதிற ஊர்திகள் மாற்று எரிபொருளையே பயன்படுத்த வேண்டும். அது கிடைக்காவிட்டாலோ விலை மிகையாக இருந்தாலோ எரிசக்தித் துறையிடம் விலக்குப் பெறலாம். ஐந்து மைல் தொலைவுக்குள் அல்லது பதினைந்து நிமிடப் பயணத்துக்குள் நிலையம் இல்லையெனில் கிடைக்கவில்லை எனக் கொள்ளப்பட்டது. விளைவாக ஆண்டுதோறும் விலக்கு விண்ணப்பங்கள் பெரும் எண்ணிக்கையில் குவிந்தன. எந்த ஊர்தி எந்த ஊரில் நிறுத்தப்படுகிறது, அங்கு எந்த எரிபொருள் கிடைக்கும் என்னும் ஆய்வு வாங்குவதற்கு முன் நடந்திருக்க வேண்டியது; அது வாங்கியபின் விலக்குக் கோரும் படிவத்தில் நடந்தது.

எரித்ததை எண்ணியபோது

2007 ஜனவரியில் வெளியான நிர்வாக ஆணை 13423 அளவுகோலை மாற்றியது. இருபது அல்லது அதற்கு மேற்பட்ட ஊர்திகளை உடைய துறைகள், 2005ஆம் ஆண்டின் பெட்ரோலியப் பயன்பாட்டை அடிப்படையாகக் கொண்டு ஆண்டுக்கு 2 விழுக்காடு வீதம் 2015 வரை குறைக்க வேண்டும் என அது கூறியது. அதே ஆண்டின் இறுதியில் இயற்றப்பட்ட எரிசக்திச் சட்டம், 2015 அக்டோபருக்குள் 20 விழுக்காடு குறைப்பு என்னும் இலக்கைச் சட்டமாக்கியதோடு, பசுமை இல்ல வாயுக்களைக் குறைவாக வெளியிடும் இலகு ஊர்திகளையே வாங்க வேண்டும் என்றும் விதித்தது.

இம்மாற்றத்தின் சிறப்பு, ஓட்டுநரும் கணக்குக்குள் வந்தார் என்பது. எரிபொருள் குறைய வேண்டுமாயின் சிறிய ஊர்தி வாங்குதல், பயணத்தைக் குறைத்தல், நின்ற நிலையில் எந்திரத்தை ஓடவிடாதிருத்தல், சக்கரக் காற்றழுத்தத்தைச் சரிபார்த்தல் யாவும் பயன்தரும். எரிபொருள் அட்டை மூலமே பணம் செலுத்தப்பட்டதால் ஒவ்வொரு நிரப்புதலும் பதிவாயிற்று. ஆனால் இத்தரவும் பழுதற்றதன்று. விற்பனை நிலையம் தவறான குறியீட்டைப் பதிந்தால் எத்தனால் பெட்ரோலாகவே கணக்கில் ஏறும். கழக்கமான வேலை செய்த துறை இலக்கைத் தவறவிட்டதாகத் தோன்றும்.

மொத்த லிட்டர் கணக்கில் மற்றொரு சிக்கலும் உண்டு. பேரிடர் நிகழ்ந்த ஆண்டில் மீட்புத் துறையின் பயணம் பெருகும். அதற்காக அத்துறை குற்றவாளியாகாது. 2015 மார்ச்சில் வந்த நிர்வாக ஆணை 13693 இதனைக் கருதி மைலுக்கு எத்தனை கிராம் வாயு என்னும் விகிதத்தை எடுத்துக்கொண்டது. 2014ஐ அடிப்படையாகக் கொண்டு 2017க்குள் 4 விழுக்காடு, 2021க்குள் 15 விழுக்காடு, 2025க்குள் 30 விழுக்காடு குறைப்பு என இலக்குகள் வகுக்கப்பட்டன. விகிதம் நேர்மையான அளவுதான். எனினும் தேவையற்ற பயணத்தைத் தவிர்த்த துறைக்கு அதில் பாராட்டு இல்லை. மைலும் வாயுவும் சேர்ந்தே குறைவதால் விகிதம் அப்படியே நிற்கும். மொத்த அளவையும் விகிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ஒன்றின் குறையை மற்றொன்று காட்டும்.

இவ்வாணை 2018 மே மாதத்தில் நீக்கப்பட்டது. 2021 டிசம்பரில் வெளியான நிர்வாக ஆணை 14057, 2027 முதல் வாங்கப்படும் இலகு ஊர்திகள் அனைத்தும், 2035 முதல் வாங்கப்படும் எல்லா ஊர்திகளும் புகையற்றனவாக இருக்க வேண்டும் என்றது. அதுவும் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஊர்தி ஒன்று பத்தாண்டுக்கு மேல் ஓடுகிறது. அதை ஆளும் ஆணை மூன்று நான்கு ஆண்டுகளே நிற்கிறது. நாடாளுமன்றச் சட்டமாக நிலைத்த பழைய கொள்முதல் விதி மட்டும் இம்மாற்றங்களுக்கு நடுவே தொடர்ந்து இருந்துவருவது ஒரு முரண்.

இல்லாத ஊர்தியே தூய ஊர்தி

2011 மே மாதத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் துறைகளுக்கு அனுப்பிய குறிப்பாணை, எரிபொருளைக் கேட்பதற்கு முன் ஊர்தி வேண்டுமா என்று கேட்டது. ஒவ்வொரு துறையும் தன் ஊர்திகளை ஒவ்வொன்றாக ஆய்ந்து, தனக்குத் தேவையான எண்ணிக்கை, அளவு, வகை ஆகியவற்றை வரையறுக்க வேண்டும். உயர் அலுவலர்களுக்கான கார்கள் பணியின் தேவை இருந்தாலன்றி நடுத்தர அளவை மீறக் கூடாது. துறைகளுக்கு ஊர்திகளைக் குத்தகைக்கு அளிக்கும் பொதுச் சேவைகள் நிர்வாகம் இதற்கான ஆய்வுமுறையை வகுத்தது.

அதற்கு முன்பே ஓட்டத் தொலைவு குறித்த நெறி ஒன்று இருந்தது. பயணிகள் கார் ஆண்டுக்கு 12,000 மைல், இலகு சரக்குந்து 10,000 மைல் என்பது வழிகாட்டும் அளவு. இதற்குக் கீழே ஓடும் ஊர்தி தேவையா என ஆராயப்பட வேண்டும். தொலைவை மட்டும் கொண்டு தேவையை அளப்பதன் ஆபத்து வெளிப்படையானது. நூறு ஏக்கர் வளாகத்துக்குள் நாள் முழுதும் கருவிகளைச் சுமக்கும் சரக்குந்து ஆண்டுக்கு இரண்டாயிரம் மைல்கூட ஓடாது, ஆனால் அது இன்றேல் பணி நிற்கும். மறுபுறம், ஊர்தியை இழக்க விரும்பாத அலுவலகம் அதை வெறுமனே ஓட்டியே இலக்கை நிரப்பவும் இடமுண்டு. ஆகவே புதிய ஆய்வுமுறை தொலைவோடு நாள்தோறும் எத்தனை பயணம், எத்தனை பயனர், வேறு ஊர்தியோடு பகிர இயலுமா, வாடகைக்கு எடுத்தால் போதுமா என்பனவற்றையும் கேட்டது.

பயனரிடம் வினாத்தாள் கொடுத்தால் தம் ஊர்தி இன்றியமையாதது என்றே அனைவரும் எழுதுவர். இதில் நாட்டு வேறுபாடு இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், குத்தகை ஊர்திகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட அறிக்கையில், பயன்பாட்டு அளவை எட்டாத ஊர்திகள் சிலவற்றைத் துறைகள் உரிய காரணம் பதியாமலே வைத்திருந்ததைச் சுட்டியது. 2015ஆம் ஆண்டின் ஆணை புதிய ஊர்திகளில் டெலிமேட்டிக்ஸ் கருவி பொருத்தப் பணித்தது இவ்விடர்ப்பாட்டுக்கு ஒரு விடை. ஊர்தி எப்போது புறப்பட்டது, எவ்வளவு நேரம் நின்ற இடத்திலேயே எந்திரம் ஓடியது, மைலுக்கு எவ்வளவு எரிபொருள் சென்றது என்பவற்றை அக்கருவி தானே பதிகிறது. யாருடைய கருத்தும் தேவையில்லை.

அஞ்சல் ஊர்தி: ஒரு பவுண்டின் கதை

அளவுகோல் தவறினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க அஞ்சல் சேவையின் ஊர்தியைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. வீடுதோறும் அஞ்சல் வழங்கும் அந்தப் பெட்டி வடிவ ஊர்திகள் 1987 முதல் 1994 வரை கிரம்மன் நிறுவனத்தால் அலுமினிய உடலுடன் கட்டப்பட்டவை. இருபத்துநான்கு ஆண்டுகள் உழைக்கும் என மதிப்பிடப்பட்ட அவை அதையும் கடந்து ஓடின. குளிர்சாதன வசதியோ காற்றுப் பையோ அவற்றில் இல்லை. கோடையில் அலுமினியக் கூடு அடுப்பாகும். அதனுள் அமர்ந்துதான் அஞ்சல் ஊழியர் நாள்முழுதும் வேலை செய்ய வேண்டும். பழுதடைந்து தீப்பற்றிய ஊர்திகளும் உண்டு. புது ஊர்தி தேவை என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

2021 பிப்ரவரியில் ஆஷ்காஷ் டிஃபென்ஸ் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. தொடக்கத் திட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஊர்திகளே மின்சாரத்தில் இயங்குவன, எஞ்சியவை பெட்ரோல். அப்பெட்ரோல் ஊர்தி குளிர்சாதனம் இயங்குகையில் காலனுக்கு 8.6 மைல் ஓடும் எனச் சுற்றுச்சூழல் அறிக்கை மதிப்பிட்டது. முப்பதாண்டு பழைய ஊர்திக்கு அதே ஆவணம் காட்டிய அளவு 8.2 மைல். அதாவது ஒரு தலைமுறைக் காலத் தொழில்நுட்ப வளர்ச்சியில் கிடைத்த பயன் 0.4 மைல்.

இது எவ்வாறு அனுமதிக்கப்பட்டது? புதிய ஊர்தியின் சுமையோடு கூடிய எடை வரம்பு 8,501 பவுண்டு எனக் குறிக்கப்பட்டிருந்தது. இலகு ஊர்திகளுக்கான எல்லை 8,500 பவுண்டு. ஒரே ஒரு பவுண்டு மிகுந்ததால் அது கன ஊர்தி வகுப்பில் சேர்ந்தது. இலகு ஊர்திகளுக்குரிய கடுமையான விதிகள் அதைத் தீண்டவில்லை.

எடுத்துக்கொண்ட பணியைப் பார்த்தால் மின்னூர்திக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. அஞ்சல் தடங்கள் பெரும்பாலும் குறுகியவை. நாள்தோறும் ஒரே வழி. இரவில் ஒரே கொட்டகை. நூற்றுக்கணக்கான முறை நின்று புறப்படும் ஓட்டத்தில் பெட்ரோல் எந்திரம் எரிபொருளை விழுங்கும். மின்னோடியோ தடைபோடும்போது இழக்கப்படும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்கே திருப்பி அனுப்பும். 2022 ஏப்ரலில் பதினாறு மாநிலங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. அவ்வாண்டு நாடாளுமன்றம் ஏறத்தாழ 300 கோடி டாலர் ஒதுக்கியது. டிசம்பரில் அஞ்சல் சேவை தன் திட்டத்தை மாற்றி, 2028க்குள் வாங்கவுள்ள 1,06,000 ஊர்திகளில் 66,000 மின்னூர்திகளாக இருக்கும் என அறிவித்தது.

இந்திய நிலை: வயதும் மின்கலமும்

இவ்வனுபவத்தோடு இந்தியாவின் பதினைந்தாண்டு விதியை நோக்கலாம். 2023இல் கழிக்கப்பட வேண்டியிருந்த ஊர்திகள் 2008க்கு முன் பதிவானவை. அதாவது பாரத் நிலை 2 அல்லது 3 தரத்துக்குரியவை. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் ஊர்திகள் பாரத் நிலை 6 தரத்தன. டீசல் காரின் துகள் வரம்பு மூன்றாம் நிலையில் கிலோமீட்டருக்கு 0.05 கிராம்; ஆறாம் நிலையில் 0.0045 கிராம். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே முதல் வகைப் புகையைப் பொறுத்தவரை விதி உண்மையான பயனைத் தருகிறது. அலுவலக வாயிலில் நிற்கும் தேநீர்க் கடைக்காரரின் நுரையீரலுக்கு அது நன்மை. இரண்டாம் வகையில் அத்தகைய உறுதி இல்லை. பழைய ஜீப்பின் இடத்தில் அதைவிடப் பெரிய ஊர்தி வாங்கப்பட்டால் கரியமில வாயு கூடவும் செய்யும். எதற்குப் பதிலாக எது வாங்கப்பட வேண்டும் என்பதை விதி சொல்லவில்லை.

இந்தியாவில் அரசு ஊர்தி பதவியின் அடையாளமுமாகும். சுழல்விளக்குகள் 2017 மே 1 முதல் அகற்றப்பட்டன. ஊர்தியின் அளவு அடையாளமாக நீடிக்கிறது. தேவையை ஆராயும் முறை எதுவாயினும் இதைக் கணக்கில் கொண்டாக வேண்டும்.

மின்னூர்தி முயற்சியிலும் ஒரு பாடம் உண்டு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் 2017இல் பத்தாயிரம் மின்கார்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. டாடா டிகோர், மஹிந்திரா ஈ-வெரிட்டோ ஆகியவை தேர்வாயின. மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்து, துறைகளுக்குக் குத்தகைக்கு அளிப்பது திட்டம். விலை குறைந்தது; ஆனால் ஒரு முறை மின்னேற்றினால் நகரத்தில் நூறு கிலோமீட்டர்கூடச் செல்லவில்லை என்னும் குறை 2018இல் எழுந்தது, மின்னேற்றும் இடங்களும் போதவில்லை. ஒப்படைப்பு எண்ணிய வேகத்தில் நடக்கவில்லை. பத்தாயிரம் என்னும் எண்ணுக்குப் பின்னால் எந்த அலுவலகத்தின் எந்தக் கார் நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்னும் பட்டியல் முதலில் ஆயத்தமாகியிருந்தால், நாளுக்கு அறுபது கிலோமீட்டருக்குள் ஓடும் ஊர்திகளுக்கு அக்கார்களே போதுமானவையாக இருந்திருக்கும்.

மின்னூர்தியால் குறையும் வாயுவின் அளவையும் ஓட்டமே தீர்மானிக்கிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் செல்லும் டீசல் கார் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 179 கிராம் கரியமில வாயுவை வெளியிடும். மின்கார் கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் மின்சாரம் கொள்ளும் எனக் கொள்வோம். மத்திய மின்சார ஆணையத்தின் தரவுப்படி இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சற்றேறக்குறைய 0.72 கிலோகிராம் வாயு உண்டாகிறது. மின்கம்பி வழி இழப்பையும் சேர்த்தால் மின்காரின் அளவு 130 கிராம் அளவில் நிற்கும். கிலோமீட்டருக்கு 50 கிராம் ஆதாயம். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடும் காரை மாற்றினால் ஒரு டன் குறையும். 5,000 கிலோமீட்டர் ஓடும் காரை மாற்றினால் 250 கிலோகிராமே குறையும். மின்கலம் செய்யும்போது உண்டாகும் உமிழ்வு இதில் சேர்க்கப்படவில்லை.

இதனோடு ஒப்பிட, அலுவலர் கூட்டத்தில் இருக்கையில் வெளியே குளிர்சாதனத்துக்காக எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் டீசல் காரை எண்ணிப்பார்க்கலாம். நாளுக்கு ஒரு லிட்டர் அவ்வாறு வீணாகுமாயின் 250 வேலைநாள்களில் 670 கிலோகிராம் வாயு வெளியேறும். குறைவாக ஓடும் காரை மின்காராக்குவதால் கிடைப்பதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். இதை நிறுத்தக் கொள்முதல் எதுவும் வேண்டியதில்லை. ஓட்டுநருக்கு வெயிலில்லாத ஓர் அறையும் மின்விசிறியும் வேண்டும்.

பயணப் பதிவேடு

இக்கணக்குகளுக்கு வேண்டிய தரவு புதிதாகத் திரட்டப்பட வேண்டியதன்று. இந்திய அரசு அலுவலகங்களில் ஒவ்வோர் ஊர்திக்கும் லாக் புக் எனப்படும் பயணப் பதிவேடு உண்டு. புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், தொடக்கத்திலும் முடிவிலும் மீட்டர் காட்டிய எண், சென்ற இடம், நோக்கம், பயன்படுத்திய அலுவலரின் கையொப்பம், நிரப்பிய எரிபொருள் ஆகியவை அதில் எழுதப்படுகின்றன. முறைகேட்டைத் தடுப்பதற்கான தணிக்கை ஆவணமாகவே அது தோன்றியது. இன்றும் தணிக்கையாளர் வரும்போதுதான் அலமாரியிலிருந்து வெளிவருகிறது.

அதே பக்கங்களிலிருந்து மூன்று எண்களை மாதந்தோறும் எடுத்தால் போதும்: ஓடிய கிலோமீட்டர், நிரப்பிய லிட்டர், ஊர்தி வெளியே சென்ற நாள்கள். லிட்டரை 2.68ஆல் பெருக்கினால் டீசல் ஊர்தியின் மொத்த உமிழ்வு. அதைக் கிலோமீட்டரால் வகுத்தால் விகிதம். நாள்களின் எண்ணிக்கை ஊர்தியின் தேவையைக் காட்டும். ஒரே வகை ஊர்திகள் இரண்டில் ஒன்று லிட்டருக்கு 14 கிலோமீட்டரும் மற்றொன்று 9 கிலோமீட்டரும் தருமாயின் பழுதோ, எந்திரம் வீணே ஓடுவதோ, எரிபொருள் வேறெங்கோ செல்வதோ காரணமாகலாம். உமிழ்வுக் கணக்கும் ஊழல் தடுப்பும் இங்கு ஒரே பணியாகின்றன.

தரவின் நம்பகத்தன்மை பற்றிய ஐயம் நியாயமானது. பதிவேடு பல இடங்களில் மாத இறுதியில் ஒரே அமர்வில் எழுதப்படுவதை அலுவலகங்களை அறிந்தோர் அறிவர். எரிபொருள் நிலையப் பட்டியலோடும், பணிமனையில் ஊர்தியைப் பழுதுபார்க்க விடும்போது குறிக்கப்படும் மீட்டர் எண்ணோடும் பதிவேட்டை ஒப்பிட்டால் பெரும்பிழைகள் தெரிந்துவிடும்.

எஞ்சுவது ஒரு பெரிய இடைவெளி. அரசு தன் சொந்த ஊர்திகளைக் குறைத்து வாடகைக் கார்களை அமர்த்தும் போக்கு பரவியுள்ளது. பதினைந்தாண்டு விதி அரசுக்கு உரிமையான ஊர்திகளையே கட்டுப்படுத்துகிறது. ஒப்பந்ததாரரின் கார் அதற்கு வெளியே நிற்கிறது. பத்து ஊர்திகளைக் கழித்துவிட்டுப் பத்து வாடகைக் கார்களை அமர்த்திய அலுவலகத்தின் உமிழ்வு ஏட்டில் சுழியாகிவிடும், சாலையில் அப்படியே இருக்கும். வாடகைக் காருக்கான மாதப் பட்டியலில் ஓடிய கிலோமீட்டர் பொதுவாகக் குறிக்கப்பட்டே பணம் வழங்கப்படுகிறது. அந்த எண்ணோடு எரிபொருள் வகையையும் ஊர்தியின் பதிவாண்டையும் சேர்த்து அளிக்க வேண்டும் என ஒப்பந்தத்தில் ஒரு கூறு சேர்க்கப்படுமாயின், சொந்த ஊர்தியும் வாடகை ஊர்தியும் ஒரே கணக்கில் அடங்கும்.